போட்டிக்காரர் கையில ஒரு டிராயிங்

போன வாரம் பக்கத்து ஷெட் அண்ணன் ஒரு ஃபைலைக் கொண்டு வந்து என் டேபிள்ல வெச்சார். நல்ல கனம். ஸ்பைரல் பைண்டிங், பளபளன்னு அட்டை.

விஷயம் இதுதான். அவரோட கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்திருக்கு. வெள்ளம், தீ, ஸ்ட்ரைக், கம்ப்யூட்டர் வைரஸ்னு எது வந்தாலும் சப்ளை நிக்காம இருக்க என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க, எழுத்துல கொடுங்கன்னு கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. அண்ணன் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடிச்சு, காசு கொடுத்து, இந்த ஃபைலை வாங்கிட்டார்.

புரட்டிப் பார்த்தேன்.

பனிப்புயல் அடிச்சா என்ன செய்யணும்னு ரெண்டு பக்கம். பதினாலாவது மாடியில இருந்து ஆளுங்க எந்தப் படிக்கட்டு வழியா இறங்கணும்னு ஒரு படம். அண்ணனோட ஷெட் அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கு. ஷீட் கூரை, ஒரே தளம். மழைத்தண்ணி பத்தி அந்த ஃபைல்ல ஒரு வரி கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்துச்சு. அண்ணன் மேல இல்லை, இதை வித்தவர் மேல. 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை இந்த எஸ்டேட்டை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவங்க இன்னும் இங்கதான் வேலை செஞ்சுட்டு இருக்கோம். அந்த அனுபவத்துக்கு மேல யாரோ எங்கேயோ எழுதின பேப்பரைப் போட்டு மூடுறது எனக்குத் தாங்கல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஷெட்டுக்குள்ள தண்ணி வந்தா என்ன ஆகும்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன்.

இடுப்பளவு வரணும்னு அவசியமே இல்லை. முழங்கால் அளவு போதும். சிஎன்சி மெஷின்ல கூலன்ட் டேங்க், ஹைட்ராலிக் மோட்டார், சிப் கன்வேயர் எல்லாம் தரையை ஒட்டித்தான் இருக்கு. பேனலுக்குள்ள டிரைவும் டிரான்ஸ்ஃபார்மரும் அடித்தட்டுல உக்காந்திருக்கும். தண்ணி வடிஞ்சதும் ஆயில் கலந்த சேறு எல்லா இடுக்கிலயும் நிக்கும். பால் ஸ்குரூவும் கைடும் துரு பிடிக்க ரொம்ப நாள் எடுத்துக்காது.

அந்த நேரத்துல மனசு பதறும். ஓடுதா பாப்போம்னு கை நேரா சுவிட்சுக்குப் போகும். போகக் கூடாதுங்க. கழட்டணும், நல்ல தண்ணில கழுவணும், காய வைக்கணும், மெக்கர் வெச்சு மோட்டார் வைண்டிங்கோட இன்சுலேஷனைப் பாக்கணும். அப்புறம்தான் கரன்ட். ஈரத்தோட சுவிட்ச் போட்டா, காப்பாத்தியிருக்கக் கூடிய மோட்டாரும் போர்டும் அந்த நொடியே போயிடும்.

இதெல்லாம் எஸ்டேட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ஒரு விஷயத்தை நாங்க வெள்ளத்துக்கு அப்புறம்தான் கண்ணால பார்த்தோம். மோட்டார் ரீவைண்டிங் பண்றவர்கிட்ட போனா, வாசல்ல இருந்து தெரு வரைக்கும் மோட்டாரா அடுக்கி வெச்சிருக்கு. மெஷின் சர்வீஸ் என்ஜினியருக்குப் போன் போட்டா, அவர் லிஸ்ட்ல நமக்கு முன்னாடி எத்தனையோ பேர். பம்பு வாடகைக்கு இல்லை, ஜெனரேட்டர் வாடகைக்கு இல்லை. ஏன்னா நான் நம்பியிருந்த அதே ஆளைத்தான் ஏரியா முழுக்க நம்பியிருக்கு. நம்ம திட்டத்துல இருக்கிற போன் நம்பர் எல்லார் திட்டத்துலயும் இருக்கு.

அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டேன் இந்த எண்ணத்தை. ஒரு தொழில் நிக்கிறதுக்குத் தண்ணியோ தீயோ சாக்குதான். ஒரே இடத்துல, ஒரே ஆள்கிட்ட, ஒரே மெஷின்ல மட்டும் இருக்கிற ஏதோ ஒண்ணு போகுது, அதனால நிக்குது. அந்த ஒண்ணோட இன்னொரு பிரதி வேற யார் கையிலயாவது, நமக்கு வந்த தண்ணி போய்ச் சேராத தூரத்துல இருக்கணும்.

சரி, வேற யார் கையில? இங்கதான் நான் அடிக்கடி எல்லார்கிட்டயும் சொல்ற ஒரு கதை வருது. நம்மள மாதிரி டர்னிங், மில்லிங் பண்றவங்களுக்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியக்காலை. ஜப்பான்ல கரியாங்கிற ஊர்ல ஐசின் செய்கி கம்பெனியோட முதல் நம்பர் ஆலையில தீ. அங்க பி-வால்வுன்னு ஒரு பார்ட் ஓடிட்டு இருந்துச்சு. பிரேக் போடும்போது பின் சக்கரத்துக்குப் போற அழுத்தத்தை அளவா வைக்கிற வால்வு. சிகரெட் பாக்கெட் அளவுதான் இருக்கும், விலையும் பெருசா இல்லை. ஆனா டொயோட்டாவுக்கு வேண்டிய பி-வால்வுல கிட்டத்தட்ட 99 சதவீதம் அந்த ஒரே ஆலையில இருந்துதான் போச்சு. டொயோட்டாகாரங்கதான் ஸ்டாக்கே வைக்க மாட்டாங்களே! தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வந்து இறங்கணுங்கிறது அவங்க முறை. கையில இருந்தது சில மணி நேரத்துக்கான சரக்கு. வழியில லாரியில வந்துட்டு இருந்ததையும் சேர்த்தா இன்னும் கொஞ்சம். அடுத்த வாரம் பாதி வர்றதுக்குள்ள ஜப்பான்ல இருந்த டொயோட்டா லைன்ல பெரும்பாலானது நின்னு போச்சு.

எரிஞ்சதுல ஐநூறுக்கு மேல மெஷின். அந்த வால்வுக்குன்னே செஞ்ச ஸ்பெஷல் மெஷின்கள். புதுசா செஞ்சு வர மாசக்கணக்காகும்.

அப்ப ஐசின் என்ன பண்ணுச்சு? தீப்பிடிச்ச அன்னைக்கே வெளிக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, டிராயிங்கை எடுத்துக் கொடுத்து, எங்களுக்குச் செஞ்சு கொடுங்கன்னு கேட்டுச்சு. தன்கிட்ட வேலை எடுத்துச் செய்யற சின்னக் கம்பெனிகள், டொயோட்டாவோட மத்த சப்ளையர்கள், கார் வேலையே தெரியாதவங்கன்னு மொத்தம் 62 கம்பெனி வால்வு செய்ய இறங்கினாங்க. தையல் மெஷின் செய்யற பிரதர் கம்பெனியும் அதுல உண்டு. அவங்க அதுக்கு முன்னாடி கார் பார்ட்டே செஞ்சதில்லை! முதல்ல நல்ல வால்வைக் கொண்டு வந்து சேர்த்தது கியோரிட்சு சங்யோன்னு ஒரு சின்ன கம்பெனி. தீப்பிடிச்சு 85 மணி நேரத்துல ஆயிரம் வால்வு. அடுத்த வாரக் கடைசிக்குள்ள லைன் எல்லாம் ஓட ஆரம்பிச்சு, கொஞ்ச நாள்ல வழக்கமான அளவுக்கே வந்துடுச்சு.

இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே பதில் சொல்லுவாங்க. "அது ஜப்பான் சார், அவங்க புத்தி அப்படி."

நான் ஒத்துக்க மாட்டேன். அவங்களுக்குள்ள சப்ளையர் சங்கம் வெச்சு வருஷக்கணக்கா ஒருத்தர் ஷாப்புக்கு இன்னொருத்தர் போய் வந்திருக்காங்க. யார்கிட்ட என்ன மெஷின், எந்தச் செட்டர் கில்லாடின்னு தெரியும். அந்தப் பழக்கம் தீக்கு முன்னாடியே இருந்துச்சு. தீ அன்னைக்கு அதை எடுத்துப் பயன்படுத்தினாங்க, அவ்வளவுதான். நம்ம ஊர்ல இதைச் செய்ய முடியாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லலை.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு, அதை யாரும் அவ்வளவா பேசறதில்லை. டிராயிங் மட்டும் போதலை. ஐசின் இன்ஜினியர்களுக்குத் தெரிஞ்சது அவங்களோட ஸ்பெஷல் மெஷின்ல எப்படி ஓட்டறதுங்கிறது. வெளியில இருக்கிறவங்ககிட்ட இருந்தது சாதாரண மெஷினிங் சென்டர். அதுல எந்த வரிசையில ஓட்டணும், எப்படிப் பிடிக்கணும்னு அந்தந்தக் கம்பெனிதான் ராத்திரி பகலா கண்டுபிடிச்சுச்சு. நேரம் போனது அங்கதான். இதை முன்னாடியே ஒருவாட்டி ஓட்டிப் பார்த்திருந்தா?

எங்க ஷாப்ல இப்ப அதைத்தான் செய்யறோம்.

முதல்ல எஸ்டேட்டுக்குள்ளயே ஒருத்தர்கூட ஏற்பாடு பண்ணிக்கலாம்னு பேச்சு. பக்கம், டெம்போ வாடகை மிச்சம். ஆனா அவருக்கும் அதே தண்ணிதானே! அப்புறம் கோயம்புத்தூர்ல, கணபதி பக்கம் ஒரு ஷாப். எங்க மாதிரியே டர்ன்டு பார்ட்ஸ் பண்றவர். கொட்டேஷன் போடும்போது பல தடவை எங்களுக்கு எதிர்ல நின்னவர். போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏனுங்க, உங்க டிராயிங்க எங்கிட்ட குடுத்துப்போட்டு நீங்க நிம்மதியா தூங்குவீங்களா?"

"உங்க பார்ட்டு ரெண்டு எங்கிட்ட இருக்கப் போகுதுல்ல? நீங்க தூங்கினா நானும் தூங்குவேன்."

சிரிச்சார். அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

ஒரு விஷயத்தை இங்க அழுத்தமா சொல்லிடறேன். டிராயிங் நம்மளோடது இல்லை, கஸ்டமரோடது. அவங்ககிட்ட கேட்டு, எழுத்துல சம்மதம் வாங்காம ஒரு பேப்பர் கூட வெளிய போகக் கூடாது. நாங்க பர்ச்சேஸ்லயும் குவாலிட்டிலயும் போய் உக்காந்து பேசினோம். ஒருத்தர் உடனே முடியாதுன்னுட்டார். மத்தவங்களுக்கு யோசனை பிடிச்சுது, ஏன்னா ஆபத்துல வேற இடத்துல செய்யணும்னாலும் சாம்பிள் ரிப்போர்ட், குவாலிட்டி அனுமதின்னு அவங்களுக்கே நாள் ஆகும். அந்த வேலை சாவகாசமா முன்னாடியே முடிஞ்சா அவங்களுக்கும் நல்லதுதானே!

எல்லாப் பார்ட்டையும் எடுத்துக்கலை. எது நின்னா கஸ்டமர் லைன் உடனே நிக்குமோ அந்தச் சிலது மட்டும். ஒவ்வொண்ணுக்கும் டிராயிங், புரோகிராம், இன்சர்ட் நம்பர், சாஃப்ட் ஜா எப்படிப் போர் பண்ணணுங்கிற குறிப்பு, பிளக் கேஜ் ஒரு செட்டு. முதல் ஓட்டத்துல போர் ஃபினிஷ் வரவே இல்லை. அவங்க சக் பெருசு, போரிங் பார் வேற. எங்க செட்டர் தம்பி நேர்ல போய் உக்காந்து, ஃபீடைக் குறைச்சு, ஓவர்ஹேங்கைச் சின்னதாக்கி, சாயங்காலத்துக்குள்ள அளவுக்குக் கொண்டு வந்துட்டான். அதைக் குறிப்புல சேர்த்தாச்சு. வெள்ளத்தன்னைக்கு இந்தச் சாயங்காலம் நமக்குக் கிடைச்சிருக்காது.

(செட்டர்னதும் ஞாபகம் வருது. வெள்ளமெல்லாம் எப்பவாவது வர்றது. ஒரு பார்ட்டை ஒரே ஒரு செட்டருக்குத்தான் தெரியும், அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டான், மெஷின் நிக்குது. இது எல்லா ஷாப்லயும் நடக்கிறது. இப்ப எங்க ஷாப்ல புதுப் பார்ட் செட் பண்ணும்போது இன்னொருத்தன் பக்கத்துல நின்னு போன்ல வீடியோ எடுக்கணும், செட்டர் பேசிக்கிட்டே செய்யணும். இதுக்குச் செலவே கிடையாது.)

மெஷினோட பாராமீட்டரையும் சொல்லணும். நிறைய கன்ட்ரோல்ல பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம் எல்லாம் ஒரு சின்ன பேட்டரியை நம்பித்தான் மெமரியில உக்காந்திருக்கு. பேட்டரி தீர்ந்தாலே போயிடும், போர்டு நனைஞ்சா கேக்கவே வேணாம். மெமரி கார்டுல ஒரு காப்பி எடுத்து ஷெட்டுக்கு வெளிய வைங்க. சர்வீஸ்காரர் வந்து முதல்ல கேக்கறது "பேக்கப் இருக்கா?"ங்கிறதுதான். இருக்குன்னா அவர் வேலை எவ்வளவோ சுருங்கிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரேன். 2017 ஜூன் 27-ம் தேதி நாட்பெட்யாங்கிற வைரஸ், உலகத்துலயே பெரிய கப்பல் கம்பெனிகள்ல ஒண்ணான மெர்ஸ்க்கை ஒரே நாள்ல முடக்கிடுச்சு. அப்புறம் பத்து நாள்ல 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்ல மறுபடி சாஃப்ட்வேர் ஏத்த வேண்டியிருந்துச்சு. யார் எதுக்குள்ள நுழையலாம்னு கணக்கு வெச்சிருக்கிற சர்வர்கள் பல ஊர்ல இருந்தும் அத்தனையும் அழிஞ்சுது. ஏன்னா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருந்தது. தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு, ஆப்பிரிக்காவுல கானா நாட்டு ஆபீஸ்ல. அந்த நேரம் பார்த்து அங்க கரன்ட் கட்! மின்வெட்டு காப்பாத்தின சர்வர். அதுல இருந்த தகவலை ஆள் கையில கொடுத்தனுப்பி, நைஜீரியா வழியா இங்கிலாந்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாங்க.

அதனால டேலி பேக்கப்பை அதே கம்ப்யூட்டரோட இன்னொரு டிரைவ்ல போட்டு வைக்கிறதுல அர்த்தமே இல்லை. எப்பவும் சொருகியே இருக்கிற ஹார்டு டிஸ்க்கும் அதே கதைதான். கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போற டிஸ்க் ஒண்ணு கண்டிப்பா வேணும். எங்க அக்கவுன்ட்ஸ் பாப்பா சனிக்கிழமை சனிக்கிழமை கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போயிடும், அடுத்த வாரம் இன்னொண்ணு.

அதோட ஓடிபி! ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க், பிஎஃப் எல்லாத்துக்கும் ஓடிபி ஓனர் போனுக்குத்தான் வருது. ஓனர் ஐசியூல இருந்தா? மழையில போன் போயிட்டா? சரக்கு ரெடியா நிக்கும், பில் போட முடியாது. ரெண்டாவது ஆளை முறைப்படி பேங்க்லயும் போர்ட்டல்லயும் சேர்த்து வைங்க. மனைவியோ, தம்பியோ, பார்ட்னரோ, யாரை நம்புவீங்களோ அவங்க. இதுக்கு ஒரு மதியம் போதும். ஆனா பெரும்பாலும் யாரும் செய்யறதில்லை.

இன்சூரன்ஸ் பத்தி ரொம்பப் பேர் கேப்பாங்க. கண்டிப்பா எடுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து ஒரே இடத்துல 5 கோடி வரைக்கும் சொத்து இருக்கிறவங்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா, அதுக்கு மேல 50 கோடி வரைக்கும் பாரத் லகு உத்யம் சுரக்‌ஷான்னு பாலிசி இருக்கு. தீ, புயல், வெள்ளம் எல்லாம் உண்டு. மெஷினுக்குச் சரியான மதிப்பு போடுங்க. பிரீமியம் குறையட்டும்னு மதிப்பைக் குறைச்சா, கிளெய்ம்ல அதே விகிதத்துல வெட்டுவாங்க. (இந்தப் பாலிசிகள்ல 15 சதவீதம் வரைக்கும் குறைவா இருந்தா விட்டுடுவாங்க, அதுக்கு மேல இல்லை.) சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி நனைஞ்ச சரக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. ஷெட் மூடியிருந்த நாளோட லாப நஷ்டம் இதுல வராது, அதுக்குத் தனிப் பாலிசி. எதுவானாலும், இன்சூரன்ஸ் பணம் கைக்கு வர்ற வரைக்கும் கஸ்டமர் காத்துட்டு இருக்க மாட்டார். நாலு நாள் சரக்கு வரலைன்னா வேற ஆளைத் தேடிடுவார். அந்த நாலு நாளை பாலிசி பார்த்துக்காது.

கஸ்டமர்னதும் இன்னொண்ணு. நம்ம பக்கம் எல்லாம் சரியா இருந்தும் தொழில் நிக்கலாம். 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு ஃபோர்டு அறிவிச்சுது. 2022 ஜூலையோட மறைமலைநகர் ஆலையில கார் வர்றது நின்னுச்சு. அவங்களை மட்டுமே நம்பியிருந்த சின்ன ஷாப்புக்கு அது எந்தப் புயலுக்கும் குறைஞ்சது இல்லை. அதனால எந்தக் கஸ்டமரும் நம்ம டர்னோவர்ல பாதியைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம். பெரிய ஆர்டர் வரும்போது அந்தக் கோட்டைக் காப்பாத்தறது கஷ்டம்தான், இருந்தாலும் விடறதில்லை.

கடைசியா ஆளுங்க. 2015 டிசம்பர் 2-ம் தேதி சென்னையில இந்து ஆங்கிலப் பேப்பர் வரலை. 1878-ல ஆரம்பிச்ச பேப்பர், அதுவரைக்கும் இப்படி நடந்ததே இல்லை. காரணம், வெள்ளத்தால மறைமலைநகர்ல இருக்கிற அச்சகத்துக்கு வேலைக்காரங்களால போய்ச் சேர முடியலை. ஆள் வர முடியலைன்னா அத்தனை பெரிய பேப்பரே நிக்கும்.

நம்ம ஆளுங்க வீடும் தண்ணிலதான் இருக்கும். அவன் குழந்தையும் ரேஷன் கார்டும் மேல ஏத்தி வெச்சுட்டு நிக்கறப்ப, "ஷெட்டுக்கு வா, சேறு அள்ளணும்"னு கூப்பிடறது எந்த ஊர் நியாயம்? எங்க ஏற்பாட்டுல முதல் வரியே, மழை எச்சரிக்கை வந்ததும் எல்லாருக்கும் ஒரு வாரக் கூலி முன்பணம். ரெண்டாவது வரி, ஷெட் மூடியிருக்கிற நாளுக்கும் சம்பளம் உண்டு. அதுக்குன்னு ஒரு தொகை பேங்க்ல தனியா ஃபிக்சட் டெபாசிட்ல இருக்கு, வேற எதுக்கும் தொடறதில்லை. 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப வெளி மாநிலத் தம்பிங்க எப்படிக் கிளம்பிப் போனாங்கன்னு பார்த்தோமே! திரும்பி வந்தவங்க எந்த ஷாப்புக்கு வந்தாங்கன்னும் பார்த்தோம். அந்த நாள்ல சாப்பாடு போட்டு, வாடகை கொடுத்தவங்க ஷாப்புக்குத்தான் முதல்ல வந்தாங்க.

இதையெல்லாம் எப்பச் சரிபாக்கறதுன்னா, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எப்படியும் அன்னைக்கு மெஷினை நிறுத்தித் துடைக்கிறோம், ஷெட்டே காலி. அதுக்கப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. பேனல் கேபிள் உயரம், பம்பு ஓடுதா, பேக்கப் கார்டு படிக்குதா, போன் லிஸ்ட்ல நம்பர் மாறியிருக்கா, எல்லாத்தையும் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி பாத்துடறோம். லிஸ்ட் ஒரே பக்கம், தமிழ்ல. ஷெட் சுவத்துல ஒண்ணு, எங்க வீட்டுல ஒண்ணு, செட்டர் வீட்டுல ஒண்ணு.

பக்கத்து ஷெட் அண்ணனுக்கும் இந்த மாதிரி ஒரு பக்கம் எழுத உக்காந்தோம். அவருக்கு ஓசூர்ல ஒரு ஆள் தெரியும், அண்ணன்கிட்ட இருக்கிற அதே டன்னேஜ் பிரஸ் அவர்கிட்டயும் இருக்காம். பேசிப் பாக்கறேன்னு போயிருக்கார்.

ஐசின் கதையில 62 கம்பெனியும் என்ன விலைன்னு கேக்காமலே இறங்கினவங்க. அப்புறம் டொயோட்டா தன்னோட நேரடி சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டுல அவங்க டொயோட்டாவுக்கு வித்ததுல ஒரு சதவீதத்தை நன்றியாக் கொடுத்துச்சு. மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல. சின்ன ஷாப் நாங்க, அவ்வளவு பெரிய மனசுக்குக் காசு இல்லை. அதனால கோயம்புத்தூர்காரரோட ரேட்டை இப்பவே பேசி எழுதியாச்சு: மெஷின் மணிக்கு இவ்வளவு, பணம் ஒரு வாரத்துல, கஸ்டமர்கிட்ட ரெண்டு பேரும் நேரா ரேட் பேசறதில்லை. வர்ற ஆயுத பூஜைக்கு முன்னாடி அவரோட பார்ட் ரெண்டை எங்க மெஷின்ல ஓட்டிப் பாக்கணும். அவரோட செட்டர் சேரன் எக்ஸ்பிரஸ்ல வரேன்னு சொல்லியிருக்கார், கேஜை கையிலயே எடுத்துட்டு வர்றாராம்.